செயலாளரின் ஆண்டறிக்கை 2025: ஒரு ஸ்விங் ஆர்ம் தகராறும் பிறவும்

நம் பைக் சங்கத் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு ஊர்சுற்றலைக் குறைத்துக்கொண்டு, இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் மாடல் வரலாற்றை மாதம் ஒரு கூட்டமாகப் பேசினோம். பத்துக் கூட்டம் நடந்தது. ஒன்று மழையால் நின்றது, ஒன்று கிரிக்கெட்டால் நின்றது.

முதல் இரண்டு கூட்டம் டுகாட்டி நிறுவனத்தின் பூர்வ கதைக்கே சரியாகிவிட்டது. 1926இல் பொலோன்யாவில் ரேடியோ உதிரிபாகம் செய்யத் தொடங்கிய குடும்பம் அது. போர் முடிந்து, சைக்கிளில் மாட்டும் குச்சோலோ எஞ்சின் வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்தது. 1954இல் வந்து சேர்ந்த ஃபாபியோ தாலியோனி, வால்வை மூடும் வேலைக்கு ஸ்பிரிங்கை நம்பாமல் அதற்கும் ஒரு ராக்கரை, அதாவது குட்டி நெம்புகோலை, வைத்தார். டெஸ்மோ என்று நாம் பெருமையாகச் சொல்வது இதைத்தான். 1972 இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் முதலாவதும் புரூனோ ஸ்பஜாரி இரண்டாவதுமாக வந்ததைச் சொன்னபோது, ஏதோ நேற்று நடந்ததுபோல மூத்த உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

தகராறு ஆரம்பித்தது டுகாட்டி 916இல். 1994இல் வந்த பைக். வடிவமைத்தவர் மாசிமோ தம்புரினி. இவர் 1972இல் மிசானோ பந்தயத் தடத்தில் ஹோண்டா 750இலிருந்து விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டு, தேறியதும் அதே எஞ்சினுக்குத் தானே ஒரு ஃபிரேம் கட்டியவர். ரிமினியில் கட்டடங்களுக்கு வெப்பக் குழாய் பொருத்தும் தொழில் செய்துகொண்டிருந்த மூன்று கூட்டாளிகளில் ஒருவர். மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் அவர்கள் தொடங்கிய பைக் நிறுவனமான பிமோட்டா. 916க்கு அவர் கொடுத்த, பின்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும் ஒற்றைக்கை ஸ்விங் ஆர்மும் சீட்டுக்கடியில் இரட்டைச் சைலன்சரும் இன்றைக்கும் பலருக்குக் கண்ணிலேயே நிற்கின்றன. கார்ல் ஃபோகார்ட்டி அந்த வரிசை பைக்குகளில் நான்கு முறை சூப்பர்பைக் சாம்பியன் ஆனார்.

அடுத்த மாதம், 916 வரிசைக்கு அடுத்து வந்த 999. வடிவமைத்தவர் பியர் டெர்பிளான்ஷ். விளக்கு மேலும் கீழுமாக, ஸ்விங் ஆர்ம் இரண்டு கையோடு, சைலன்சர் ஒரே பெட்டி. படம் திரையில் வந்ததுமே "ஐயையோ" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை வகிக்க வேண்டும், ஆனால் வகிக்கவில்லை. 2003, 2004, 2006 மூன்று ஆண்டும் இந்த 'அசிங்கமான' பைக்தான் உலகப் பட்டம் வாங்கியது. ஒற்றைச் சீட் மாடலில் சீட்டையும் ஃபுட்பெக்கையும் நம் உடம்புக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். 916இல் உடம்புதான் பைக்குக்கு ஏற்ப வளைய வேண்டும். இருந்தும் வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். 2007இல் 1098 வந்தபோது ஒற்றைக்கை திரும்பி வந்துவிட்டது.

வாதம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 2025 பனிகாலே வி4இல் டுகாட்டியே மறுபடி இரட்டைக்கைக்குப் போய்விட்டது! பைக் முழுக்கச் சாய்ந்திருக்கும்போது சஸ்பென்ஷனால் மேடுபள்ளத்தைச் சரியாக வாங்க முடியாது. ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்துகொடுத்தால்தான் டயர் தரையை விடாமல் பிடிக்கும். அந்தச் செய்தியை நான் இரண்டு முறை வாசித்துக் காட்டியதாகப் புகார் வந்திருக்கிறது. உண்மைதான்.

ஆகஸ்டில் பட்டறைப் பயிற்சி. ஒரு உறுப்பினரின் டுகாட்டி 848ஐப் பிரித்து வால்வு இடைவெளி பார்த்தோம். டெஸ்மோவில் திறக்கும் ஷிம், மூடும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் துண்டுகள்) என்று இரண்டையும் அளக்க வேண்டும். மூடும் ஷிம்மை வால்வுத் தண்டோடு பிடித்து வைப்பவை இரண்டு அரை வளையங்கள். ஒவ்வொன்றும் நகத்தைவிடச் சின்னது. அதில் ஒன்றைத் தவறவிட்டது நான்தான். டார்ச்சும் காந்தக்குச்சியுமாக நாற்பது நிமிடம், யாரும் பேசவில்லை. கடைசியில் கேம் ஷாஃப்ட் பக்கத்துக் குழியில் எண்ணெயோடு எண்ணெயாகக் கிடந்தது. அப்புறம் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றலாம் என்றால், வெளியூர்க் கடை ஒன்று அனுப்பியது வேறு மாடலின் பெல்ட். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பெல்ட்டுக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும் என்பதை உறுப்பினர்கள் மறக்க வேண்டாம்.

புதிய 890 சிசி பனிகாலே வி2இல் டெஸ்மோவே இல்லை, சாதாரண ஸ்பிரிங்தான் என்ற செய்தியை அந்த மாலைக்குப் பிறகு யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

எம்.வி. அகுஸ்டா எஃப்4க்கு ஒரு கூட்டம் போதவில்லை. அதுவும் தம்புரினி கைவண்ணம் என்பதால் அதே சண்டை தொடர்ந்தது. அப்ரிலியா ஆர்.எஸ்.வி.4 அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் வாசிக்கவில்லை. பட்டறையில் இரவல் வாங்கிய, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று கொண்டுவந்திருக்கிறேன், உரியவர் வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்