பயணத்துக்குப் பயப்படும் தோழிக்கு

மதுரை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்ததும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். தாய்க்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். ஆனால் கடிதத்தின் பின்பாதியில்தான் என் மனசு நின்றுவிட்டது. சிங்கப்பூருக்கு டிக்கெட் போடட்டுமா என்று பையன் கேட்கும்போதெல்லாம் "ஆடி கழியட்டும்", "மூட்டுவலி குறையட்டும்" என்று தள்ளிப்போடுவதாக எழுதியிருக்கிறாய். விமானக் கதவை மூடிவிட்டால் நடுவில் இறங்க முடியாதே என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது என்கிறாய். வீட்டில் யாரிடமும் சொல்லாததை எனக்கு எழுதினாயே, அதுவே பெரிய காரியம்டி.

கொடைக்கானல் பஸ்ஸுக்குப் பயந்துகிடந்த நான் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாசிஸ் என்கிற அறிதுயில் நிலையை வைத்துச் செய்யும் சிகிச்சை, செய்துகொண்டது உனக்குத் தெரியும். அதில் நிஜமாகவே பலன் இருந்ததா, மயக்கிப்போட்டு மனசில் உள்ளதையெல்லாம் பிடுங்கிவிடுவார்களா, உனக்கு ஒத்துவருமா என்று கேட்கிறாய். விவரமாகவே எழுதுகிறேன்.

மகள் கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி அடிக்கடி போய்வந்தேன். ஒரு மழைக்காலச் சாயங்காலம் கீழே இறங்கும்போது, டம்டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே, மூடுபனியில் பஸ் வழுக்கித் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. ஒருத்தருக்கும் காயமில்லை. ஆனால் அதற்கப்புறம் மலையடிவாரக் காட்ரோட்டில் பஸ் மலைப்பக்கம் திரும்பினாலே எனக்கு மூச்சு முட்டும். பிறகு வத்தலக்குண்டு போர்டைப் பார்த்தாலே முட்டியது. கடைசியில் உசிலம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. உசிலம்பட்டி போக எந்த மலையும் ஏற வேண்டியதில்லை, மீனா. பயம் இப்படித்தான் இடம் பிடிக்கிறது. ஒதுங்கிக்கொண்டால் அந்த நிமிஷம் நிம்மதியாக இருக்கிறது. ஒதுங்கியதால்தான் தப்பித்தோம் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே உடம்பு நடுங்க ஆரம்பிக்கிறது. நீ ஆடியைச் சாக்குச் சொல்வதும் இதேதான்.

முதல் வேலையாக நம் குடும்ப டாக்டரிடம் போ. என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். ஈ.சி.ஜி., தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுமாம். விரல் நுனி சுருசுருப்பதும் உதடு மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மாரடைப்போ என்று நான் அதுவரை நடுங்கியதெல்லாம் இதற்குத்தான். இது தெரிந்ததிலேயே பாதி பாரம் இறங்கியது.

அப்புறம் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு மனநல உளவியலாளரிடம் போனேன். என் மகள் வயசுப் பெண். முதல் நாள் கண்ணை மூடவே சொல்லவில்லை. பஸ்ஸில் எந்த இடத்தில் பயம் தொடங்குகிறது, அப்போது கை என்ன செய்கிறது, மனசு என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். காட்ரோட்டில் கியர் மாற்றும்போது எஞ்சின் உறுமுகிற சத்தத்தில்தான் எனக்கு அடிவயிறு இறுகுகிறது என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

அடுத்து வந்ததுதான் நீ கேட்கிற சமாச்சாரம். சாய்வு நாற்காலி, மேலே மின்விசிறி, ஜன்னலில் பாதி இறக்கிய திரை. ஊசலாடும் சங்கிலியோ சுழலும் சக்கரமோ கிடையாது. எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இமை கனக்கும்போது மூடிக்கொள்ளலாம் என்றார். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்றார். நெற்றி, தாடை, தோள், விரல் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லிக்கொண்டே குரலை மெதுவாக்கினார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் அது எட்டவில்லை. தொடர்கதையில் ஆழ்ந்திருக்கும்போது அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் போகுமே, அந்த மாதிரி ஒரு ஒருமுகம். அந்த நிலையில் ஆரப்பாளையத்தில் டிக்கெட் வாங்குவதிலிருந்து தொடங்கி, ஜன்னல் ஓரம் உட்காருவது, காட்ரோடு, அந்த கியர் சத்தம், முதல் கொண்டை ஊசி வளைவு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கவைத்தார். உடம்பு இறுகினால் வலது கைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தி, மூச்சை நீளமாக விட்டு, பழையபடி தளர்ந்த பிறகு அடுத்த வளைவுக்குப் போனோம். அந்த விரல் பழக்கம் எனக்குக் கைவந்துவிட்டது. இப்போது ரேஷன் கடையில் வாக்குவாதம் வந்தால்கூட விரல் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

அவர் குரலை போனில் பதிந்து தந்தார். தினமும் காலையில் காபி குடித்த பிறகு பின்கட்டில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு எச்சரிக்கை: வண்டி ஓட்டும்போது இதைக் கேட்கவே கூடாது. உன் ஸ்கூட்டி ஞாபகம் வந்தது, அதனால் சொல்கிறேன்.

நீ பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டு நான் சொல்ல விரும்பாத கேள்வி ஒன்று வந்தது. "அது வேண்டாம்மா" என்று கண்ணை மூடியபடியே சொன்னேன், விட்டுவிட்டார். எழுந்து போக நினைத்திருந்தால் போயிருக்கலாம். ஹிப்னாசிஸ் தூக்கமும் இல்லை, அடுத்தவருக்கு அடிமையாவதும் இல்லை. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் நம் நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார், 1810களில் பாரிசில் நின்று, வைத்தியரிடமிருந்து எந்தச் சக்தியும் பாய்வதில்லை, எல்லாம் எதிரே இருப்பவர் மனசுக்குள்தான் நடக்கிறது என்று பேசியவர். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. மயக்கமருந்தாக ஈதர் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1845-ல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர் இதுபோன்ற முறையில் அறுவை சிகிச்சை செய்தார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-லும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958-லும் இதை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டன. மேடையில் ஆளை ஆடவைக்கும் வித்தையை வைத்து இதை எடைபோடாதே.

அதற்காக இதை ஒரு மந்திரம் என்றும் நான் சொல்லமாட்டேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு மட்டும் இருந்திருந்தால் நான் இன்னும் மதுரையைத் தாண்டியிருக்கமாட்டேன். பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாக நேரிலேயே போய்ப் பழகுவதுதான் இந்த மாதிரிப் பயங்களுக்கு மிக நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. தளர்ச்சியையும் படிப்படியான பழக்கத்தையும் சேர்க்கும் முறையை ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் 1950களில் எழுதிவைத்தார். ஹிப்னாசிஸ் அதற்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே அளவு கைகொடுப்பதும் இல்லை. சிலர் சுலபமாக ஆழ்ந்துபோகிறார்கள், சிலருக்கு அது வராது. வராதவர்களுக்கும் மற்ற வழி திறந்தே இருக்கிறது.

அதனால் நானும் நேரில் போனேன். முதலில் ஆரப்பாளையத்தில் புறப்படாமல் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இறங்கிவிட்டேன். பிறகு வாடிப்பட்டி. பிறகு வத்தலக்குண்டு, அங்கே ஒரு டீ, திரும்பி மதுரை. காட்ரோடு தாண்டிய அன்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார், ஆனால் கையைப் பிடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். கியர் உறுமியது, வயிறு இறுகியது, விரலைச் சேர்த்தேன். இறுக்கம் ஏறியது, நின்றது, பிறகு தானே இறங்கியது. அது தானே இறங்கும் என்பதை உடம்பு பார்த்துவிட வேண்டும் மீனா, எத்தனை பேர் வாயால் சொன்னாலும் போதாது. டம்டம் பாறையில் இறங்கித் தலையாறு அருவியை நின்று பார்த்தேன். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், தூரத்தில் வெள்ளை நூலாகத் தெரிந்தது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயும் அதை நான் நிதானமாகப் பார்த்ததே கிடையாது.

மலை பஸ்ஸில் வாந்தி வருவதும் இதுவும் வேறு வேறு. அது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் ஒத்துப்போகாததால் வருவது. அதற்கு முன் சீட்டு, தூரப் பார்வை, டாக்டர் சொல்லும் மாத்திரை என்று பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடம் போவது என்பதில் மட்டும் கறாராக இரு. வார இறுதியில் ஒரு பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழை மாட்டிவைத்தவர்களும் ஹிப்னோதெரபிஸ்ட் என்று போர்டு வைக்கிறார்கள். மனநல மருத்துவரோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ ஆக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேள், கேட்பதில் தப்பே இல்லை. ஒரே தடவையில் உத்தரவாதம் என்பவரிடம் போகாதே. போன ஜென்மத்து நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்பவரிடமும் போகாதே. அந்த நிலையில் நடக்காததையும் நடந்ததாக மனசு உருவாக்கிக்கொள்ளும், பிறகு பிரித்தறிவது கஷ்டம். மனச்சிதைவு மாதிரிப் பெரிய நோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவர் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. பணம் செலவாகுமே என்று யோசித்தால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரத்தில் மனசு கிடந்து அடித்துக்கொண்டால் 14416-க்கு போன் செய். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசுவார்கள்.

பாண்டி கோயில் கயிறு பற்றிக் கேட்டிருந்தாய். நானும் கட்டியிருக்கிறேன். கயிறும் இருக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும்.

விமானத்துக்கு உனக்கு இன்னும் ஒன்று உதவும்: எந்தச் சத்தம் எதற்கு என்று முன்பே தெரிந்துகொள்வது. மேலே கிளம்பியதும் காலடியில் 'தட்' என்று கேட்பது சக்கரம் உள்ளே மடங்குவது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று குறையும், கீழே போகிறோமோ என்று இருக்கும். புறப்பட மட்டும் தேவைப்பட்ட கூடுதல் எஞ்சின் விசையைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். குலுங்குவது காற்றோட்டத்தால், அதற்குத்தான் பெல்ட். இதையெல்லாம் அந்தச் சாய்வு நாற்காலியில் மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிடு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒருநாள் திருச்சி விமான நிலையத்துக்குச் சும்மா போய், வெளியே நின்று விமானங்கள் ஏறுவதைப் பார். அடுத்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு சின்னப் பறத்தல், நானும் கூட வருகிறேன்.

பையனிடம் உண்மையைச் சொல்லிவிடு. பேத்தியைப் பார்க்க ஆசையில்லை என்று அவன் தப்பாக எடுத்துக்கொள்வதைவிட, அம்மாவுக்குப் பயம், அதற்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று தெரிவது எவ்வளவோ மேல். டிக்கெட்டுக்குத் தேதி குறிக்க அவசரப்படுத்தாதே என்றும் சொல்.

அந்த உளவியலாளரிடம் உனக்காகப் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலையில் வரச் சொல்கிறார். வெள்ளிக்கிழமையே காரைக்குடியிலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி போன் செய், என் வீட்டுக்காரர் வந்து கூட்டிவருவார். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் எடுத்து வா, நீ சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் மறக்காதே. வரும்போது குழந்தை படம் பிரிண்ட் போட்டுக் கொண்டு வாடி, போனில் பார்த்து எனக்குத் திருப்தியாகவில்லை.

அன்புடன்,
வசந்தா