தபால்தலை சேகரிப்போர் சங்கங்களின் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் தபால்தலை சேர்க்கத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்காகவும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பீரோவில் கவர் கவராக இருக்கும் டூப்ளிகேட்டுகளை, அதாவது ஒரே தபால்தலையின் கூடுதல் பிரதிகளை, இவர்களுக்குக் கொடுங்கள்.

நம் சிறுவயதில் தபால்தலை வீடு தேடி வந்தது. இப்போது வருகிற உறைகளில் பெரும்பாலும் பார்கோடு ஸ்டிக்கர்தான். தலைமை அஞ்சலகங்களில் தபால்தலை சேகரிப்போருக்கான ஃபிலாட்டலி கவுன்டர் இருக்கிறது, 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கினால் புது வெளியீடுகளை அனுப்பியும் வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதெல்லாம் மடங்காத, முத்திரை படாத புதுத் தபால்தலைகள். அவற்றைப் பிள்ளையிடம் கொடுக்க நமக்கே மனசு வராது, "தொடாதே" என்றுதான் சொல்வோம்.

தொடக்கத்தில் வேண்டியது, கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற பழையவை. உறையோடு சேர்த்து வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் காத்திருக்க வேண்டும். தாள் தானாக விட்டுப்போகும்வரை பிய்க்கக் கூடாது. சிவப்பு உறையைத் தனியாக ஊறப்போடாவிட்டால் சாயம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். பிறகு செய்தித்தாளில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் வைத்து நேராக்க வேண்டும். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்புறம், எந்த நாடு என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம். ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, மாகியார் என்றால் ஹங்கேரி. ராணியின் தலை மட்டும் இருந்து, நாட்டின் பெயரே இல்லாவிட்டால் பிரிட்டன். 1840இல் முதலில் தொடங்கியவர்கள் அவர்கள்தான் என்பதால் பெயர் போடுவதில்லை. தயவுசெய்து இதை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவர்களே தேடட்டும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. பிள்ளையின் ஆல்பத்தைப் பார்த்ததும் "இதுக்கெல்லாம் விலை கிடையாதும்மா" என்று சொல்லிவிடுகிறோம். உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கே ஆறு கோடிக்கு மேல் அச்சானதுதான், பழசு என்பதால் மட்டும் எதற்கும் விலை ஏறிவிடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? 2006இல் வந்த சந்தன மணத் தபால்தலையை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். விலை கேட்காது, மோந்துதான் பார்க்கும்.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சல் துறை 'தீன்தயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகை வைத்திருக்கிறது, ஆண்டுக்கு 6000 ரூபாய். ஆனால் ஆசை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த வயதில் கைகொடுக்க நீங்கள்தான் வேண்டும்.

உங்கள் கண்காட்சிகளில் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு மேசை போதும். அதில் ஒரு தொட்டி நிறைய பயன்படுத்திய தபால்தலைகள், நாலைந்து இடுக்கிகள், ஒரு லென்ஸ், பொறுமையாகப் பேச ஒருவர். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அள்ளிக்கொள்ளட்டும். அடுத்த கண்காட்சியின் தேதி முடிவானதும் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சொல்லியனுப்புங்கள். தண்ணீர்ப் பாத்திரமும் பழைய செய்தித்தாளும் கொண்டுவந்து, கூடமாட வேலை செய்யப் பெற்றோர் நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
ஒரு தாய்