விராட்டுக்கு நேர்ந்தது விக்ரமாதித்யாவுக்கு நேர வேண்டாம்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் கடற்படைத் தலைமையகத்துக்கும் வணக்கம்.

படைக்குத் தேவைப்படாத பொருளை விற்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கண்டம் ஆன ஜீப்பும் லாரியும் டெப்போவில் துருப்பிடித்துக் கிடப்பதைவிட எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் போவது நல்லதுதான். ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே’ என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு எடுப்பவர் எடுக்கட்டும். ஆனால் ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் அதே வரிசையில் நின்று காயலான் கடைக்குப் போகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஐ.என்.எஸ். விராட் 30 ஆண்டுகள் நம் கடற்படையில் இருந்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அதை அருங்காட்சியகமாக்க 852 கோடி ரூபாய் திட்டத்துக்கு மகாராஷ்டிர அமைச்சரவை 2018இல் ஒப்புதல் தந்தது. செலவைத் தானே முழுதாகத் தாங்கும் திட்டம் எதுவும் வரவில்லை, அதனால் உடைக்கப் போகிறோம் என்று 2019இல் நாடாளுமன்றத்தில் நீங்கள் சொன்னீர்கள். மறு ஆண்டு கப்பல் 38.54 கோடிக்கு விலைபோய், செப்டம்பரில் கப்பல்களை உடைக்கும் குஜராத்தின் அலங் கடற்கரையில் தரைதட்டியது. அதற்குப் பிறகு ஒரு நிறுவனம், அதை வாங்கி அருங்காட்சியகமாக்க 100 கோடி தருகிறேன் என்று வந்தது. நீங்கள் தடையின்மைச் சான்று தரவில்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உடைப்பை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில் வழக்கு முடிந்தபோது 40 சதவீதம் உடைத்தாகிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டது.

அந்த நிறுவனத்தால் உண்மையிலேயே முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம் ஏலத்துக்கு முன்பு. 1971 போரில் பங்கெடுத்த பழைய விமானந்தாங்கி விக்ராந்தும் இப்படித்தான் 2014இல் உடைப்புக்குப் போனது. அதாவது, ஒருமுறை பட்ட பிறகும் நடைமுறை மாறவில்லை.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். நம் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்து பறந்த டியு-142 கண்காணிப்பு விமானம் 2017இல் ஓய்வு பெற்றது. அதே ஆண்டிலேயே விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். பக்கத்திலேயே குர்சுரா நீர்மூழ்கியும் 2002இல் இருந்து நிற்கிறது. கப்பல் பெரிது, செலவும் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் எல்லா விமானந்தாங்கிக் கப்பலும் பிழைப்பதில்லை. கிட்டி ஹாக், ஜான் எஃப். கென்னடி இரண்டும் 2021இல் தலா ஒரு சென்ட் விலையில் உடைப்பு நிறுவனத்துக்குப் போயின. ஆனால் கென்னடியை அதற்கு முன் பல ஆண்டுகள் அருங்காட்சியகத்துக்குத் தர ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேட்டு வருபவர் பராமரிப்புச் செலவை ஏற்க முடியும் என்று காட்டினால், கப்பலை இலவசமாகவே தருகிறார்கள். சான் டியேகோவில் மிட்வே அப்படித்தான் நிற்கிறது.

இப்போது நம்மிடம் உள்ள விமானந்தாங்கி விக்ரமாதித்யா, 1987இல் சோவியத் கடற்படையில் சேர்ந்த கப்பல். அதுவும் ஒருநாள் ஓய்வு பெறும். அது ஓய்வு பெறுவதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கடலோர மாநிலங்களிடம் திட்டம் கேளுங்கள். வந்த திட்டங்களையும், நிராகரித்தால் அதற்கான காரணத்தையும் பொதுவில் வையுங்கள். மத்திய அரசு எவ்வளவு பங்கு தரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவ்வளவும் செய்தும் யாரும் வரவில்லை என்றால், ஏலம் விடுங்கள். அப்போதும் மணி, பெயர்ப்பலகை, கட்டுப்பாட்டறைக் கருவிகள் போன்றவற்றை முதலில் கழற்றிப் பட்டியலிட்டு, கேட்கும் அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்த பிறகே வெறும் கூட்டை விற்க வேண்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு தமிழ்நாட்டுக் குடிமகன்