பட்டறை திறக்குமுன்

யாழ்ப்பாணம்

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே செம்மண் பக்கம் வெங்காய நடுகை தொடங்கிவிட்டது, எந்தத் தோட்டத்திலும் இறைப்பு மெசின் சத்தம்தான்.

உங்கள் பாடசாலைப் பட்டறைக்கு, உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கென்று லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) வெல்டிங் செட்டும் கிரைண்டர்களும் வந்துவிட்டன என்கிறாய். சுவரில் ஒட்ட எச்சரிக்கை வாசகங்கள் கேட்டிருந்தாய். வாசகம் பிறகு பார்க்கலாம். அந்தக் காசில் பிள்ளைக்கொரு கண் காப்புக் கண்ணாடி வாங்கு. நாலைந்தை வாங்கி மாற்றி மாற்றிப் போடவைத்தால், வேலை செய்பவனுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணில்தான் துகள் விழும்.

எனக்கு அதிகம் பயம் கை கிரைண்டரில்தான். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். 7 அங்குல டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் எல்லை 8,500 அளவில்தான். டிஸ்க்கை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு, துளைக்கு வளையம் வைத்து அந்தப் பெரிய டிஸ்க்கைச் சின்னக் கிரைண்டரில் மாட்டுகிற பழக்கம் வெளிப் பட்டறைகளில் உண்டு. டிஸ்க் வெடித்தால் துண்டு நேரே முகத்துக்குத்தான் வரும். மெல்லிய கட்டிங் டிஸ்க்கைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்தாலும் உடையும். வெட்டும் இரும்பு வைஸில் இறுகியிருக்கவேண்டும். வெட்டு முடியும்போது இரண்டு பக்கமும் டிஸ்க்கை நெரிக்காதபடி, விழப்போகும் துண்டு வெளியே தொங்கட்டும். பெஞ்ச் கிரைண்டரில் கல்லுக்கும், இரும்பை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றர். கல் தேயத் தேயத் தாங்கியை முன்னே தள்ளாவிட்டால் இரும்பு உள்ளே இழுபட்டுக் கல்லையே உடைக்கும்.

உடுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. கழுத்துப்பட்டியைக் கழற்றவேண்டும். இரட்டைப் பின்னலைச் சுருட்டி, ரிப்பனோடு சேர்த்துத் தொப்பிக்குள் விடவேண்டும். பாடம் எடுக்கும் ரீச்சர் சேலையோடு நின்றால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? அவருக்கும் ஒரு பருத்தி ஓவரோல் வாங்கு. பொலியெஸ்ரர் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். துளையிடும் மெசினில் மட்டும் கையுறை வேண்டாம், அது சுற்றுப்பட்டு விரலை இழுக்கும்.

வெல்டிங்குக்கு 10 அல்லது 11 இலக்கக் கறுப்புக் கண்ணாடி. பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் திரை கட்டு. ஒளி பட்ட கண் அப்போதே நோகாது. இரவில்தான் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், பிள்ளைக்கும் காரணம் விளங்காது. ஜிஐ பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒட்டும்போதும் இதே கதைதான். நாகப் பூச்சு ஆவியாகி, அந்தப் புகை குடித்தவனுக்குப் பின்னேரம் குளிரும் காய்ச்சலும் வரும். மாரி காலத்தில் வீட்டார் டெங்கு என்று பயந்து ஓடுவார்கள். ஒட்டுமிடத்தில் இரண்டு பக்கமும் 2 அங்குலத்துக்குப் பூச்சை உரசி எடு, காற்றுப் போகிற இடத்தில் ஒட்டு. நம் வெயிலில் கையுறை வியர்த்து நனையும், நனைந்ததோடு வெல்டிங் குச்சி மாற்றினால் கரண்ட் அடிக்கும். மாற்றுச் சோடியும் காலடிக்குக் காய்ந்த பலகையும் வை.

எண்ணெய்த் தாங்கி எதையும் பாடசாலையில் ஒட்டாதே. மண்ணெண்ணெய் வடித்த வெறும் தாங்கிதான் வெடிக்கும். உள்ளே நிற்கும் ஆவி போதும். ஊரில் யாராவது தோட்டத்து மெசின் தாங்கியைக் கொண்டுவந்து கெஞ்சுவார்கள், திருப்பி அனுப்பு.

லாண்ட்மாஸ்டரைக் கைபிடி சுற்றி ஸ்டார்ட் பண்ணும்போது பெருவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் பிடி நழுவிப் போகும். பெருவிரல் வளைத்துப் பிடித்திருந்தால் எலும்பு முறியும். பெல்ட் மூடி இல்லாமல் ஒருநாளும் ஓட்டாதே. எஞ்சினை மண்டபத்துக்கு வெளியே வைத்து ஓட்டுங்கள்.

கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் போட்டிருக்கிறார்களா என்று பார், அதன் ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கு. எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஆகாது. உலர்தூள் அணைப்பானும் மணல் வாளியும் கதவடியில் இருக்கட்டும்.

மண்டபத்தின் நீள அகலமும், யன்னல் கதவு எந்தப் பக்கமென்றும் ஒரு தாளில் கீறி அனுப்பு. வெல்டிங் மூலையையும் எண்ணெய் வைக்கும் அறையையும் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவா