கிண்ணம் வென்றதில் வீரர் வாங்குக்கும் பங்குண்டு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

புளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025 என அடுத்தடுத்து, வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது பற்றிய உங்கள் கட்டுரை பார்கொவ், தக்கச்சக், பொப்ரொவ்ஸ்கி ஆகியோரைப் புகழ்ந்ததோடு முடிந்துவிட்டது. இரு முறையும் இறுதியில் அவர்களிடம் தோற்ற எட்மன்டனிலும் நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. 2024இல் அந்த அணியின் மக்டேவிட்தான் தொடரின் சிறந்த வீரர் விருதையே பெற்றார். இரு அணிகளையும் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு, மாறி இறங்கும் வீரர்கள் அமர்ந்திருக்கும் வாங்குக்கு உண்டு. அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஐஸ் ஹொக்கியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம். 12 முன்கள வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசை, 6 பின்கள வீரர்கள் மூன்று சோடி. களமிறங்கியவர் ஏறத்தாழ 45 செக்கனில் வெளியேற வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் கால் கனத்துவிடும். எதிராளியைச் சறுக்கித் துரத்த முடியாதவர் தடியால் கொளுவுவார், இரண்டு நிமிடம் வெளியே இருக்கும் தண்டனை வரும்.

ஆட்டத்துக்கு மூன்று பகுதிகள். சிக்கல் முற்றுவது இரண்டாம் பகுதியில். இரு அணிகளின் வாங்குகளும் ஒரே பக்கத்தில், நடுச்சிவப்புக் கோட்டுக்கு இப்புறமும் அப்புறமுமாக இருக்கின்றன. முதலாம், மூன்றாம் பகுதிகளில் நம் வாங்கு நம் கோலுக்குக் கிட்ட இருக்கும். இரண்டாம் பகுதியில் பக்கம் மாறுவதால் அது எதிரணிப் பாதிக்குள் போய்விடுகிறது. நம் எல்லையைக் குறிக்கும் நீலக்கோட்டிலிருந்து நடுக்கோடு 25 அடி. களைத்த பின்கள வீரர் அத்தனையையும் கடந்துதான் வாங்கைத் தொட வேண்டும். அவசரப்பட்டு நம் பாதியிலிருந்தே பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எதிரணிக் கோல்கோடு தாண்ட அடித்தால் ஐசிங். பக் நம் கோலடிக்கே திரும்பும், அதே ஐவரும் மாறாமல் நிற்க வேண்டும். 2017-18 பருவத்திலிருந்து, ஐசிங் செய்த அணி இடைநிறுத்தம் கேட்டு மூச்சு வாங்கவும் வழியில்லை.

சரியான முறை இதுதான்: நடுக்கோட்டைத் தாண்டிய பிறகே பக்கை ஆழமாக, வாங்குகளுக்கு எதிர்ப்பக்க மூலைக்கு அடிப்பது. ஒருவர் அதைத் துரத்தி எதிரணியைத் தாமதப்படுத்த, மற்றவர்கள் மாறுவது. வெளியேறுபவர் வாங்குக்கு 5 அடிக்குள் வந்திருந்தால், புதியவர் குதிக்கலாம். முந்திக் குதித்தவர் பக்கைத் தொட்டால் ஆள் கூடிய குற்றம். 1979 அரையிறுதியின் ஏழாம் ஆட்டத்தில் பொஸ்ரன் அணி கடைசி நிமிடங்களில் இதில் அகப்பட்டது. மொன்றியல் உடனே சமன் செய்து மேலதிக நேரத்தில் வென்றது. பொஸ்ரன் ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள்!

பயிற்றுநர் போல் மொறிஸின் பாந்தர்ஸ் ஆடியது ஏறக்குறைய இந்தப் பாடத்தைத்தான். பக்கை ஆழத்தில் போட்டு, எதிரணிப் பின்கள வீரர்களை மூலையில் இடித்துக் களைக்க வைத்தார்கள். அதற்கு மூன்றாம் வரிசையும் முதல் வரிசை போலவே உழைக்க வேண்டும். 2025இல் மார்ஷண்ட், லண்டெல், லூஸ்ரரினன் மூவரும் அதைச் செய்தார்கள். மார்ச்சில் பொஸ்ரனிலிருந்து வந்த மார்ஷண்ட், இறுதித் தொடரில் மட்டும் 6 கோல் அடித்தார். மூன்றாம் வரிசையில் இப்படி ஒருவர் இருந்தால் முதல் வரிசையை நிம்மதியாக வாங்கில் இருத்தலாம்.

அவர்களும் தடுமாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தொடரின் நான்காம் ஆட்டத்தில் முதல் பகுதி முடிவில் 3-0 என முன்னின்றவர்கள், இரண்டாம் பகுதி முடிவதற்குள் 3-3 ஆகி, மேலதிக நேரத்தில் 5-4 எனத் தோற்றார்கள். எட்மன்டன் கோல் காப்பாளரை மாற்றியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் இரண்டாம் பகுதியில் தன் எல்லைக்குள் அடைபடும் அணி எவ்வளவு விரைவில் முன்னிலையை இழக்கும் என்பதற்கு அது நல்ல பாடம்.

உங்கள் ஆட்ட விபரப் பட்டியலில் கோல்களுடன் ஒவ்வொருவரின் களநேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். யார் எப்போது இறங்கி எப்போது ஏறினார் என்ற அறிக்கையை, ஆட்டந்தோறும் என்எச்எல் தளமே வெளியிடுகிறது.

வாசகர்,
ஸ்கார்பரோ