வடக்கில் வந்த வேலை

அன்பின் மகளுக்கு,

இரண்டு வழிகளையும் எழுதிவிட்டு, "அப்பா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். வடக்கே அந்தச் சிறிய ஊர் இசைக்குழு உன்னை மூன்று வருடத்துக்கு முதன்மை நடத்துநராக வரச்சொல்லிக் கேட்கிறது. உன் முகவரோ, பனிக்குள் போய் மறைந்துவிடாதே, வாரத்துக்கு ஒரு நகரம் என்று விருந்தினராகப் போய் நடத்து, பெயர் பரவும் என்கிறார். அம்மா முகவரின் பக்கம். மாதக்கணக்கில் வெயில் வராத ஊரில் பிள்ளை எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். நான் மற்றப் பக்கம். தொலைபேசியில் சொன்னால் அம்மா குறுக்கே வந்துவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் மாரிஸ் யான்சன்ஸ் என்ற நடத்துநர் ஒஸ்லோ பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இருந்த காலத்தில் நானும் ஒஸ்லோவில் இருந்தேன், ட்ராம் ஓட்டிக்கொண்டு. கச்சேரி முடிந்த இரவுகளில் வயலின் பெட்டியோடு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே உறைபனி, அவர்களுடைய தலைமயிர் வியர்வையில் நனைந்திருக்கும். ஒரு பெண் உட்கார இடமிருந்தும் உட்காராமல், கைப்பிடிக் கம்பியில் இடது கை விரல்களால் எதையோ தட்டிக்கொண்டே வருவார். கச்சேரி அவருக்கு இன்னும் முடியவில்லை. இவர்களை இப்படிப் பிழிந்தெடுக்கிற மனிதர் யார் என்று விசாரித்ததில்தான் யான்சன்ஸ் எனக்குத் தெரியவந்தார்.

அவர் 1979இல் இங்கே வந்தபோது வயது 36. 1919இல் தொடங்கிய இசைக்குழு இது. நோர்வேக்காரருக்கு அதில் பெருமை, வெளியே அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை. லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கில் ம்ராவின்ஸ்கி என்ற பெரிய நடத்துநரின் கீழே வேலை செய்துகொண்டிருந்தவருக்கு இது பெரிய பதவி என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வந்தவர் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டார். 1980களின் நடுப்பகுதியில் சாண்டோஸ் என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக, ருஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் சிம்பொனிகளை இவர்கள் பதிவு செய்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் வெளி உலகம் ஒஸ்லோப் பக்கம் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் ஐந்தாவது சிம்பொனி கசெட் தேய்ந்து இழுபட்டது உனக்கு ஞாபகமிருக்கும். இரண்டாம் பகுதியில் ஹோர்ன் என்கிற அந்தக் கொம்பு வாத்தியம் தனியாக வருகிற இடத்தில் சத்தம் கிணற்றுக்குள் போய்விடும். நீ அதுதான் சரியான இசை என்று நினைத்து வளர்ந்தாய்.

பிறகு பிட்ஸ்பர்க், மியூனிக், ஆம்ஸ்டர்டாம். மியூனிக்கில் 2003 முதல் கடைசி வரைக்கும், ஆம்ஸ்டர்டாமில் 2004 முதல் 2015 வரைக்கும். வியன்னாப் புத்தாண்டுக் கச்சேரிக்கு மூன்று முறை அழைத்தார்கள். அதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது, அந்தக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டது யாருக்கும் தெரியாத ஒரு வடநாட்டுக் குழுவோடு அவர் இருந்த இருப்பு என்பதைத்தான்.

அவருடைய தொடக்கத்தையும் நீ யோசிக்க வேண்டும். அம்மா இராய்டா, லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் ஓப்பராப் பாடகி, யூதப் பெண். ஜெர்மன்காரர் ரீகாவைப் பிடித்து வைத்திருந்த காலம். இராய்டாவின் அப்பாவும் சகோதரனும் கொல்லப்பட்டார்கள். யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதியிலிருந்து அவரை இரகசியமாக வெளியே கொண்டுவந்து ஒளித்துவைத்தார்கள். 1943 ஜனவரி 14ஆம் தேதி அந்த ஒளிவிடத்தில்தான் மாரிஸ் பிறந்தார். ஒளிவிடத்தில் பிள்ளை பெறுவது என்றால் என்ன என்று உன் அம்மாவுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. இதை நான் வாசித்துக் காட்டியபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா அர்விட்ஸ் யான்சன்ஸும் நடத்துநர்தான். 1946இல் லெனின்கிராட்டில் நடந்த ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கி, ம்ராவின்ஸ்கிக்கு உதவியாளராகப் போனார். தாயும் மகனும் 1956இல் போய்ச் சேர்ந்தார்கள். பதின்மூன்று வயது, ருஷ்ய மொழி சரியாக வராது, பெரியவரின் மகன் என்ற பெயர் வேறு. மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு வேலை செய்து காட்டவேண்டியிருந்தது. ஒஸ்லோவில் நம் பிள்ளைகள் வகுப்பில் நோர்வேஜிய மொழி தடுக்கிய நாட்களை நினைத்துக்கொள். அவர் ரீகாவில் இன்னும் சிறு பிள்ளையாக இருந்தபோதே ஓப்பராவுக்கு அப்பா அம்மாவோடு போய் வந்து, வீட்டு மேசையில் பொத்தான்களையும் ஊசிகளையும் இசைக்குழு போலப் பரப்பி, அவற்றுக்கு முன்னால் நின்று நடத்துவாராம். நீ சோபாவில் கரடிப் பொம்மைகளை வயலின், செலோ என்று பிரித்து உட்காரவைத்ததை நான் இதோடு சேர்த்து எழுதக்கூடாது என்றுதான் பார்த்தேன்.

வாய்ப்பு என்கிறாயே, அதைப் பற்றியும் ஒன்று. 1968இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர் கராயன் லெனின்கிராட் வந்தபோது இந்த இளைஞனைக் கவனித்தார். அடுத்த வருடம் வியன்னாவில் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடமும் சால்ஸ்பர்க்கில் கராயனிடமும் மாரிஸ் படித்தார். பிறகு கராயன், பெர்லினில் எனக்கு உதவியாளராக வா என்று அழைத்தார். சோவியத் அதிகாரிகள் அந்த அழைப்பை அவர் காதுக்கே எட்டவிடவில்லை. கராயன் கூப்பிட்டார் என்பது கூடத் தெரியாமல் ஒருவர் லெனின்கிராட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஒஸ்லோ வந்தார். பெர்லின் போயிருந்தால் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். அந்த அதிகாரிகளுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் ஒஸ்லோக்காரனாக எனக்கு அது இலாபம்.

இதயத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் அம்மா என்னை விடமாட்டாள். அர்விட்ஸ் 1984இல் மான்செஸ்டரில் ஹாலே இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்து இறந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து, 1996 ஏப்ரலில், மகன் ஒஸ்லோவில் 'லா போயெம்' ஓப்பராவை நடத்தினார். கடைசிப் பக்கங்களில், கதாநாயகி மிமி சாகப்போகிற நேரத்தில், அவரும் விழுந்தார். விழுந்த பிறகும் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது என்று சொல்வார்கள். இதை வீரக்கதையாகச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அப்பா செத்தது எப்படி என்று தெரிந்த ஒருவர், உடம்பு சொன்னதைக் கேட்காமல் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். பிழைத்தார், நெஞ்சுக்குள் மின் கருவி வைத்துக்கொண்டார், வேலையைக் குறைத்தாரா என்றால் அதுவும் சந்தேகம். 2019 நவம்பர் 8ஆம் தேதி நியூயோர்க்கில் கார்னகி மண்டபத்தில் பிராம்ஸின் நான்காவது சிம்பொனியை நடத்தியபோது பார்த்தவர்களுக்கே பயமாக இருந்ததாம். அந்த மாத முடிவில் பீட்டர்ஸ்பர்க் (பழைய லெனின்கிராட்) வீட்டில் இறந்துபோனார், 76 வயதில். நீ அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை பல, மகள்; இது அதில் சேர்த்தி இல்லை. வாரத்துக்கு ஒரு நகரம், ஒரு விமானம், ஒரு ஹோட்டல் அறை என்று முகவர் போடுகிற கணக்கு எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

உனக்குப் பிடித்த நடத்துநர் நெல்சன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவரும் ரீகாக்காரர், 1978இல் பிறந்தவர், ஓப்பராக் குழுவில் ட்ரம்பெட் ஊதியவர். நம் ஒஸ்லோக் குழு ஒரு பயணத்தில் ட்ரம்பெட்காரர் இல்லாமல் தவித்தபோது உதவிக்கு வந்த இளைஞர் அவர்தான். யான்சன்ஸிடம் போய்ச் சேர்ந்தது அந்த வழியில். பொஸ்டன், லைப்சிக் இசைக்குழுக்கள் என்று அவரைப் பற்றி இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். முதலில் அவர் ரீகா ஓப்பராவில் இருந்தார், பிறகு ஹெர்ஃபோர்ட் என்ற ஜெர்மன் சிற்றூரைத் தலைமையிடமாக வைத்துச் சுற்றுவட்டாரத்தில் வாசிக்கிற ஒரு குழுவில் சில வருடம். அதற்குப் பிறகுதான் பேர்மிங்ஹாம். 2020 புத்தாண்டு அன்று, குரு இறந்து ஒரு மாதத்தில், வியன்னாவில் நின்று, லும்பி என்ற இசையமைப்பாளரின் 'தபால்வண்டிக்காரன் காலப்' என்ற துள்ளல் நடன இசையில் தானே ட்ரம்பெட்டை எடுத்து ஊதினார். தொலைக்காட்சியில் பார்த்த உன் அம்மா, இவ்வளவு பெரிய மனிதர் இப்படியும் செய்வாரா என்று சிரித்தாள். உன் வியோலா வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாய் என்று சொன்னாயே, அதை வெளியே எடு.

சரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு காரியம் செய். அந்த ஊர் மண்டபத்தில் ஆள் இல்லாத நேரத்தில் போய் நின்று கேள். யான்சன்ஸ் ஒஸ்லோவை விட்டது சம்பளத்துக்காக இல்லை. 1977இல் திறந்த மண்டபத்தின் ஒலி சரியில்லை, திருத்தித் தாருங்கள் என்று நகரசபையோடு மல்லுக்கட்டி, முடியாமல் 2000இல் விலகல் கடிதம் கொடுத்தார். மியூனிக்கிலும் அதே சண்டை. 2013இல் கிடைத்த சீமென்ஸ் இசைப் பரிசின் 250,000 யூரோவையும் புதிய மண்டபத்துக்கென்று கொடுத்துவிட்டார். அவர் கண்மூடும்வரை அது எழும்பவில்லை. எழுதி வாங்கவேண்டியதை உள்ளே போகுமுன் எழுதி வாங்கு: ஒரு கச்சேரிக்கு எத்தனை ஒத்திகை, தந்திவாத்தியக்காரருக்குத் தனி ஒத்திகை உண்டா, நிகழ்ச்சி நிரலை யார் தீர்மானிப்பது. சம்பளத்தைக் கடைசியாகப் பேசு. முதலாவதாகப் பேசச் சொல்வாள் அம்மா, அவள் சொல்வதையும் கேட்டுக்கொள்.

போவதென்று முடிவெடுத்தால் முதல் கச்சேரித் தேதியை உடனே சொல். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. அம்மா வரமாட்டேன் என்கிறாள், ஆனால் நேற்றுக் கடையில் தடித்த கம்பளிச் சப்பாத்து விலை கேட்டுக்கொண்டிருந்தாள், அளவு உன்னுடையதில்லை.

அன்புடன்,
அப்பா