மாத்திரையை மாதத்துக்குச் சேர்த்துத் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: பெயரும் அட்டை எண்ணும் ஒட்டிய உறைக்குள். கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டாம் ஐயா.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: எச்.ஐ.வி. கூட்டு மருந்து பத்து நாளுக்கு மட்டும் தருவது தொடர்பாக

பார்வை: திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த இரண்டு மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2009 முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். நூல் மில்லில் ஷிப்டு வேலை. முன்பு இருவேளை, இப்போது இரவில் ஒன்று.

2. நான்கு மாதமாக, மருந்து தரும் மையத்தில் இருப்பு இல்லை என்று பத்துப் பத்தாக எண்ணிக் கவரில் போட்டுத் தருகிறார்கள். எங்கள் மலையடிவாரத்துக்குக் காலை ஆறரை பஸ்ஸை விட்டால் ஒன்பதே முக்கால்தான் என்பது தாங்கள் அறிந்ததே. மாதம் மூன்று நாள் கூலி போகிறது. மேஸ்திரியிடம் பல்வலி சொல்லியாயிற்று, வளைகாப்பும் சொல்லியாயிற்று. அடுத்து யாரைச் சாகடிப்பது?

3. போகி இரவோடு பத்தும் தீர்ந்தது. பொங்கல் விடுமுறை, மூன்று நாள் மையம் பூட்டு. நான்காம் நாள் முதல் ஆளாகப் போய் நின்றேன். காலிக் கவரைப் பார்த்துவிட்டு, முப்பதுக்கு மூன்று விட்டிருக்கிறாய், சாப்பிட்டிருக்க வேண்டிய 95 சதவீதத்துக்குக் கீழே என்று கணக்குப் போட்டு, அட்டையில் சிவப்பு மையில் 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று எழுதினார்கள். நானா ஐயா சாப்பிடவில்லை? அம்மா இறந்த இரவுகூட, பந்தலில் சனம் உட்கார்ந்திருக்க, கொல்லைப்புறம் போய் விழுங்கிவிட்டு வந்து அழுதவள் நான். டப்பா குலுங்கினால் மருமகளுக்குக் கேட்கும் என்று கழிவுப் பஞ்சைத் திணித்து, கம்பு மாவு டின்னுக்குள் வைத்திருந்தவள். இப்போது டப்பாவும் இல்லை, கவர்தான். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மையம்தான். கொடுக்காமல் பூட்டிப் போனவர்களுக்கு எந்த அட்டையில் எழுதுவது?

4. கொரோனா ஊரடங்கில் மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தந்தீர்கள். அப்போது முடிந்தது.

5. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இந்த மருந்துக்கு ஏற்பாடு செய்வதை அரசின் பொறுப்பாக்கியிருக்கிறது. 'இயன்றவரை' என்றும் அதில் இருக்கிறதாம். சரி, இயன்றது பத்துதானா?

ஆகவே, ஒரு மாத மாத்திரையைச் சேர்த்துத் தரவும், அந்தச் சிவப்பு மையை அடித்துத் திருத்தவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்கிறேன். ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள் ஐயா, வேறொன்றும் கேட்கவில்லை. கவரில் இன்னும் நான்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு வரைக்கும் வரும்.

இப்படிக்கு,
உறைக்குள் உள்ளவள்